உனக்கு எதுக்கு சிரமம்?

நான் நல்லவன். இதை முதலிலேயே சொல்லி வைத்துவிடுகிறேன். ஏனென்றால் ஒரு காலத்தில் சிராங்கூன் ரோட்டில் இதை நம்ப ஆள் கிடையாது.

போன மாதம் தேக்கா சந்தைக்குப் போயிருந்தேன். கீரைக் கடையில், "முருங்கைக்கீரை இன்னிக்கு வந்ததா, நேத்து வந்ததா?" என்று கேட்டேன். அவ்வளவுதான் கேட்டேன். பக்கத்தில் வெண்டைக்காய் முனையை ஒடித்துப் பார்த்துக்கொண்டிருந்த ஓர் அம்மாள், எண்பது வயது இருக்கும், சட்டென்று திரும்பினார்.

"இந்தக் குரலு... நீ அந்தச் சாம்பசிவம்தானே?"

"ஆமாம்மா."

"அந்தப் பொண்ணை என்ன பாடு படுத்தினே நீ!" என்று சொல்லிவிட்டு, கூடையை எடுத்துக்கொண்டு அடுத்த கடைக்குப் போய்விட்டார். எனக்கு ஏற்பட்ட பெருமையில் கீரை வாங்க மறந்துபோய் வெறுங்கையோடு பாசிர் ரிஸ் வீட்டுக்குப் பஸ் ஏறினேன்.

அன்றைக்கே வானொலி நிலையத்திலிருந்து ஒரு பெண் போன் செய்தது. பழைய ஆட்களின் அனுபவங்களைத் தொகுத்து ஒரு மலர் போடுகிறார்களாம். "அங்கிள், நீங்க அந்தக் காலத்துல பெரிய வில்லனாமே? எழுதிக் குடுங்க லா, ப்ளீஸ்," என்றது. சாம்பசிவத்தின் பேச்சு ஒரே நாளில் இரண்டு தடவை காதில் விழுந்தது. சரி, எழுதிவிடுவோம் என்று உட்கார்ந்துவிட்டேன்.

ஐம்பதுகளின் தொடக்கத்தில் நான் வானொலியின் தமிழ்ப் பகுதியில் சேர்ந்தது நடிகனாக அல்ல, நகல் எழுதுபவனாக. கையெழுத்து முத்து முத்தாக இருக்கிறது என்று எடுத்துக்கொண்டார்கள். நாடகம் எழுதுகிறவர்கள் ஆளுக்கொரு கிறுக்கலில் கொடுப்பதை நான் மெழுகுத் தாளில் ஆணிப்பேனாவால் திருத்தமாக எழுதி, மை உருளையில் ஓட்டி, ஆறு படி எடுக்க வேண்டும். மூன்று வருஷம் அதுதான் வேலை. அந்த மூன்று வருஷத்தில் எனக்கு ஒரு கர்வம் வந்துவிட்டது. இந்தத் தீவில் தமிழ் எழுதுகிற எவருடைய கையெழுத்தையும் படித்துவிடுவேன், இரண்டு வரி பார்த்தால் யாருடையது என்றும் சொல்லிவிடுவேன் என்று மார்தட்டிக்கொண்டிருந்தேன். இந்தக் கர்வத்தைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

நடிக்க வந்தது தற்செயல். அரண்மனைக் காவல்காரனாக நடிக்க வேண்டியவருக்குத் தாடை வீங்கிவிட்டது. "யாரங்கே?" என்று ஒரே ஒரு வசனம். என்னைப் பிடித்து நிறுத்தினார்கள். அப்புறம் தூதுவன், டாக்டர், இரண்டாவது மாமா என்று படிப்படியாக ஏறி, மிஸ் எஸ்தரின் நாடகக் குழுவுக்கு வந்து சேர்ந்தேன்.

மிஸ் எஸ்தர் எங்கள் தயாரிப்பாளர். என்னைவிட நாலைந்து வயதுதான் மூத்தவர். வெள்ளைச் சேலை, மணிக்கட்டின் உள்பக்கம் பார்த்துக் கட்டிய கடிகாரம், காதோரம் செருகிய சிவப்புப் பென்சில். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் பாட்டுக்குழுவை நடத்துவார். அங்கேயும் அதே பென்சில்தான் என்று கேள்வி. அவர் யாரையும் பாராட்டி நான் பார்த்ததில்லை. நன்றாகச் செய்தால், "சரி, அடுத்தது," என்பார். சரியில்லை என்றால் ஒரு கேள்வி கேட்பார். அந்தக் கேள்வியிலேயே தவறு எது என்று தெரிந்துவிடும்.

அப்போது நாடகமெல்லாம் நேரடி ஒலிபரப்பு. தவறு செய்தால் செய்ததுதான், மலாயா முழுக்கக் கேட்கும். அதனால் மிஸ் எஸ்தரிடம் எல்லாவற்றுக்கும் முறை உண்டு. ஒலிக்கூடத்துக்குள் நுழையும் முன் வசனத் தாளில் இருக்கும் குண்டூசியை எடுத்துவிட வேண்டும். படித்து முடித்த தாளைத் திருப்பக் கூடாது. மைக்கை விட்டு விலக்கிக் கீழே தழைத்து, தரைவிரிப்பில் மெல்ல விட வேண்டும். வளையல், காசு, சாவி எதுவும் உடம்பில் கூடாது. மைக்குக்கும் வாய்க்கும் நடுவே ஒரு சாண், ரகசியம் பேசினால் நாலு விரல். சிவப்பு விளக்கு எரிந்துவிட்டால் மிஸ் எஸ்தர் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் போய்விடுவார், பேச்செல்லாம் கைதான். விரல்களை இழுத்துக் காட்டினால் மெதுவாகப் பேசு. விரலைச் சுழற்றினால் ஓட்டு. மூக்கைத் தொட்டால் எல்லாம் சரியான நேரத்தில் போகிறது என்று அர்த்தம். அவர் மூக்கைத் தொடுவதைப் பார்க்கத்தான் நாங்கள் உயிரை விட்டு நடித்தோம்.

ஒரு நாள் அவர் ஒரு பழைய நாவலைக் கொண்டுவந்தார். அட்டையும் முதல் பக்கங்களும் கரையானுக்குப் போய்விட்டதால் தலைப்பும் தெரியாது, எழுதியவர் பெயரும் தெரியாது. நாங்கள் 'அம்புஜம் வீடு' என்று பெயர் வைத்தோம். அம்புஜம் கெட்டிக்காரப் பெண். பாடுவாள், படிப்பாள், நாலு பேர் நடுவே நிமிர்ந்து பேசுவாள். அவளைச் சாம்பசிவம் என்கிற மிராசுதார் கல்யாணம் செய்துகொள்கிறான். அடிக்க மாட்டான், திட்ட மாட்டான், குடி கிடையாது, வேறு பெண் கிடையாது. அவள் எதைச் செய்யப் போனாலும் அவளுக்குச் சிரமம் வேண்டாம் என்று அன்பாகத் தடுத்துவிடுவான். அத்தியாயத்துக்கு ஒன்றாகப் பாட்டு போகும், புத்தகம் போகும், சிநேகிதி போவாள், கொத்துச் சாவி போகும். முப்பதாவது அத்தியாயத்தில் அம்புஜத்துக்கு ஜன்னலைத் திறக்கலாமா வேண்டாமா என்று முடிவு செய்யக்கூடத் தெரியாது. ஊரே அவளைப் பார்த்து, கொடுத்து வைத்தவள் என்று சொல்லும்.

இந்தச் சாம்பசிவம் வேஷம் எனக்கு வந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. வில்லன் என்றால் சிரிப்பு முக்கியமல்லவா? ஒரு வாரம் பீச் ரோடு கடற்கரையில் நின்று அலையைப் பார்த்து வில்லச் சிரிப்பு பழகினேன். ஒத்திகையில் எடுத்த எடுப்பிலேயே அதை அவிழ்த்துவிட்டேன்.

மிஸ் எஸ்தர் கடைசிவரை கேட்டார். "மிஸ்டர் முத்தையா, யாரு செத்தது?"

"யாரும் சாகலையே மிஸ்."

"அப்புறம் ஏன் அந்த மாதிரி ஒரு சத்தம்?"

அம்புஜமாக நடித்த சுலோச்சனா தாளால் முகத்தை மூடிக்கொண்டது. மிஸ் எஸ்தர் ஒலிக்கூடத்துக்குள் வந்து என் எதிரே ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "சாம்பசிவம் கெட்டவன்னு கேக்கிறவங்களுக்குத் தெரியணும். அவனுக்குத் தெரியாது. நீங்க ஏன் போய் அவனுக்குச் சொல்லிக் குடுக்கிறீங்க?" என்றார். இத்தனை வருஷத்தில் நடிப்பைப் பற்றி இதைவிட நல்ல வார்த்தை நான் கேட்டதில்லை.

அப்புறம் அந்த வசனத்துக்கு வந்தோம். நாவலில், "பிராணநாயகி, உனக்கேன் இந்த வீண் பிரயாசை? சகலமும் நான் நிர்வகிப்பேன்," என்று இருந்தது. நான் அதைச் சொன்னால் தண்டோரா போடுகிற மாதிரி இருந்தது. எட்டுத் தடவை சொன்னேன். எட்டாவது தடவை மிஸ் எஸ்தர் பென்சிலால் மேசையைத் தட்டி நிறுத்தினார்.

"நாவலை விடுங்க. இதையே வீட்டுல உங்க மனைவிகிட்ட எப்படிச் சொல்வீங்க? அப்படிச் சொல்லுங்க."

யோசிக்கவே இல்லை. தானாக வந்தது. "உனக்கு எதுக்கும்மா சிரமம்? நான் பாத்துக்கிறேன்."

சுலோச்சனா கையைத் தேய்த்துக்கொண்டு, "ஐயோ மிஸ், எனக்கு உடம்பே சிலுத்துப்போச்சு," என்றது. மிஸ் எஸ்தர் நாவல் வசனத்தை அடித்துவிட்டு என்னுடையதை எழுதிக்கொண்டார். "சிரமம்னு சொன்னதுக்கப்புறம் ஒரு மூச்சு நிறுத்துங்க. அந்த ஒரு மூச்சுலதான் அம்புஜம் சரின்னு தலையாட்டுறா. அதுக்கப்புறம் 'நான் பாத்துக்கிறேன்'னு சொல்லுங்க. சரி, அடுத்தது."

நான் அன்றைக்குப் பஃபலோ ரோடு வீட்டுக்கு நடந்து போகவில்லை, பறந்து போனேன். கடைக்கு மேலே இரண்டு அறை, அதுதான் எங்கள் வீடு. என் மனைவி கனகம் தீவின் வடகோடியில் செம்பவாங்கில் பிறந்து வளர்ந்தவள். அவள் அப்பாவுக்குக் கடற்படைத் தளத்தில் கப்பல் பட்டறை வேலை. கல்யாணத்துக்கு முன்னால் அங்கே தமிழ்ப் பள்ளியில் சின்னப் பிள்ளைகளுக்கு அவள் அரிச்சுவடி சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். கல்யாணமானதும் நின்றுவிட்டாள். ஏன் நின்றாள் என்று நான் அப்போது யோசித்ததில்லை. "நான் சொன்ன வசனத்தையே நாடகத்துல சேத்துட்டாங்க கனகம், புதன்கிழமை கேட்டுப் பாரு," என்றேன்.

கேட்டாள். சுவரில் மாட்டிய வானொலிப் பெட்டிக்குக் கீழே உட்கார்ந்து பயற்றங்காய் நறுக்கிக்கொண்டே கேட்டாளாம். நான் வீடு வந்ததும், "எப்படி?" என்றேன்.

"நல்லாத்தான் சொல்றீங்க. பழக்கப்பட்ட மாதிரி இருக்கு," என்றாள். நான் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன்.

நாலே வாரத்தில் அந்த வசனம் ஊரெல்லாம் பரவிவிட்டது. டீக்கடையில் கிளாஸை வைக்கும்போதே, "சீனி கலக்க உங்களுக்கு எதுக்குண்ணே சிரமம், நான் பாத்துக்கிறேன்," என்பார்கள். முடிவெட்டப் போனால் நாற்காலியில் இருப்பவர்களெல்லாம் ஒரே குரலில் சொல்வார்கள். மீன் விற்கிற அம்மாள் மட்டும் எனக்கு மீன் தர மாட்டேன் என்று சொல்லிவிட்டார். கீழ்வீட்டு ராஜம்மாக்கா மாடிப்படியில் என்னைப் பார்த்தாலே, "வந்துட்டான்டி சண்டாளன்," என்பார். எனக்கு ஒரே குஷி.

கடிதங்களும் குவிந்தன. அதில் ஒரு விசித்திரம். பெண்கள் எல்லாரும் சாம்பசிவத்தைக் கரித்துக் கொட்டியிருந்தார்கள். ஆண்களில் பாதிப் பேருக்கு விஷயமே புரியவில்லை. ஜொகூரிலிருந்து ஒருவர், "சாம்பசிவம் போன்ற உத்தமக் கணவர் அமைந்தும் அம்புஜம் ஏன் அழுதுகொண்டே இருக்கிறாள்? கதையில் வில்லன் எப்போது வருவான் என்று தெரிவிக்கவும்," என்று எழுதியிருந்தார். மிஸ் எஸ்தர் அதை அறிவிப்புப் பலகையில் குத்தி வைத்தார். அவர் சிரித்ததை நான் பார்த்தது அன்று ஒரு நாள்தான். நானும் வயிறு வலிக்கச் சிரித்தேன். யாரைப் பார்த்துச் சிரிக்கிறேன் என்று எனக்குத் தெரிந்திருந்தால் அப்படிச் சிரித்திருக்க மாட்டேன்.

அம்புஜத்திடமிருந்து கொத்துச் சாவியை வாங்குகிற காட்சிக்கு நிஜமான சாவிக்கொத்து வேண்டும் என்றார் மிஸ் எஸ்தர். அலுவலகச் சாவிகள் எல்லாம் ஒற்றை ஒற்றையாக இருந்தன. நான் நிலைய அலமாரியில் விட்டிருந்த என்னுடையதை எடுத்து வந்து நீட்டினேன்.

"இது என்ன சாவி?"

"வீட்டுக் கதவு, அலமாரி, சமையல்கட்டுப் பெட்டி மிஸ்."

"வீட்டுல இன்னொரு கொத்து இருக்கா?"

"இல்லை மிஸ். அவளுக்கு எதுக்கு, நான்தான்..." என்று ஆரம்பித்தேன். மிஸ் எஸ்தர் என் முகத்தை ஒரு நிமிஷம் பார்த்தார். பிறகு சாவியைக் குலுக்கிப் பார்த்து, "நல்ல சத்தம். சரி, அடுத்தது," என்றார்.

இப்போது என் பையைப் பற்றிச் சொல்ல வேண்டும். தோளில் மாட்டுகிற காக்கிப் பை. வசனத் தாள், கார்பன், டிபன் டப்பா எல்லாம் அதில்தான். 'அம்புஜம் வீடு' ஆரம்பித்த சமயத்தில் தமிழாசிரியர் பயிற்சிக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று செம்பவாங்கிலிருந்து கனகத்தின் பழைய தலைமையாசிரியர் ஒரு விண்ணப்ப ஃபாரம் அனுப்பியிருந்தார். கனகம் அதைப் பத்துத் தடவை படித்தாள். "போட்டுப் பாக்கலாம்னு இருக்கேங்க," என்றாள். நான், "ஃபாரமெல்லாம் இங்கிலீஷ்ல இருக்கு, உனக்கு எதுக்கும்மா சிரமம்? நான் பாத்துக்கிறேன்," என்று சொல்லி வாங்கிப் பையில் போட்டுக்கொண்டேன். ஆறு வாரம் ஆகிவிட்டது. இரண்டு தடவை கேட்டாள். "ஆகட்டும், பாத்துக்கிட்டிருக்கேன்," என்றேன். அப்புறம் அவள் கேட்கவில்லை.

நாடகத்தின் முடிவில் இரண்டு நிமிஷம் நேயர் கடிதம் வாசிப்போம். எல்லாருடைய கிறுக்கலும் எனக்குப் படிக்க வரும் என்பதால் பொறுக்கி எடுப்பதும், பதில் எழுதுவதும், வாசிப்பதும் என் பொறுப்பு. அந்த வாரம் பள்ளிக்கூட நோட்டுத் தாளில் ஒரு கடிதம் வந்திருந்தது. உருண்டை உருண்டையான எழுத்து, ஒரு பிழை கிடையாது. அதற்கு முந்தின வாரக் கதையில், தன்னை வந்து கூட்டிப்போகச் சொல்லி அம்புஜம் அண்ணனுக்கு எழுதிய கடிதத்தைத் தபாலில் போடுகிறேன் என்று வாங்கிய சாம்பசிவம், அதைக் கோட்டுப் பையிலேயே வைத்திருந்தான். கடிதம் அதைப் பற்றித்தான்.

"ஐயா, நாடகம் நன்றாக இருக்கிறது. ஒரு சந்தேகம். அம்புஜத்தின் கடிதத்தைச் சாம்பசிவம் மறந்துவிட்டாரா, மறைத்துவிட்டாரா? மறந்திருந்தால் ஞாபகப்படுத்தலாம். மறைத்திருந்தால் என்ன செய்வது என்று தெரியவில்லை. இந்த மாதக் கடைசிக்குள் பதில் தெரிந்தால் உதவியாக இருக்கும். இப்படிக்கு, தேக்காவிலிருந்து ஒரு நேயர்."

நாடகக் கதைக்கு மாதக் கடைசிக்குள் பதில் வேண்டுமாம்! எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. மிஸ் எஸ்தரிடம் காட்டினேன். அவர் அதை இரண்டு தடவை படித்தார். "எழுத்து நல்லா இருக்கு. யாரோட எழுத்து?" என்று கேட்டார். "யாரோ டீச்சர் மிஸ், பாத்தாலே தெரியுது," என்றேன் என் கர்வத்தோடு. புதன்கிழமை மாலை அதைக் குழைந்து குழைந்து வாசித்தேன். பிறகு நானே எழுதிய பதில்: "நேயர் அவசரப்பட வேண்டாம். எல்லாவற்றையும் சாம்பசிவம் பார்த்துக்கொள்வார்." கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பார்த்தேன். மிஸ் எஸ்தர் மூக்கைத் தொடவில்லை.

ஏழரை மணிக்கு வீடு போய்ச் சேர்ந்தேன். கனகம் தட்டு வைத்தாள், சோறு போட்டாள், குழம்பு ஊற்றினாள். எதிரே உட்கார்ந்தாள்.

"நல்லா வாசிச்சீங்க," என்றாள்.

"எது?"

"என் லெட்டரை. எழுத்து படிக்க உங்களுக்குச் சிரமமா இல்லையே?"

வாயில் வைத்த சோறு அப்படியே நின்றுவிட்டது. கல்யாணமாகி ஆறு வருஷம். மாமனாருக்குக் கடிதம், அவள் பழைய பள்ளிக்குக் கடிதம், மளிகைச் சாமான் பட்டியல்வரை எல்லாம் நானே எழுதுவேன், உனக்கு எதுக்கு சிரமம் என்று. தீவில் உள்ள தமிழ்க் கையெழுத்தெல்லாம் தெரிந்தவனுக்குத் தன் பெண்டாட்டியின் கையெழுத்து தெரியவில்லை. அவமானம் என்றால் என்னவென்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. அதைவிடப் பெரிதாகப் பயமும் வந்தது, நாவலில் முப்பதாவது அத்தியாயம் எப்படி முடியும் என்று எனக்குத் தெரியும்.

கையைக் கழுவிவிட்டுப் பையைக் கவிழ்த்தேன். கார்பன் தாள்களுக்குக் கீழே ஃபாரம் கிடந்தது. மூலையில் கறி எண்ணெய். கடைசி நாள் வெள்ளிக்கிழமை, நடுவில் ஒரே நாள்.

"மறந்தீங்களா, மறைச்சீங்களா?" கனகம் சத்தம் போடவில்லை. ஆனாலும் மூலையில் விளையாடிக்கொண்டிருந்த எங்கள் நாலு வயது மகள் வள்ளிகூட நிமிர்ந்து பார்த்தாள்.

பொய் சொல்லிவிடலாம் என்று ஒரு கணம் தோன்றியது. "முதல் வாரம் மறந்தேன்," என்றேன். "அப்புறம் ஞாபகம் வந்துச்சு."

"வந்துச்சு. அப்புறம்?"

"நீ டீச்சராயிட்டா, என்கிட்ட எதுவும் கேக்க மாட்டியோன்னு இருந்துச்சு."

இது உண்மை. எழுதும்போது இப்போதும் கூசுகிறது. அலுவலகத்தில் நான் கடைசி நாற்காலிக்காரன். வீட்டில்தான் எல்லாவற்றுக்கும் நான் வேண்டியிருந்தது. அந்தச் சுகத்தை விட எனக்கு மனசில்லை. கனகம் ஃபாரத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். பிறகு, "பேனாவைக் குடுங்க," என்றாள்.

"இங்கிலீஷ்ல..." என்று ஆரம்பித்தேன். அவள் பார்த்த பார்வையில் நிறுத்திக்கொண்டேன். "தெரியாத வார்த்தையைக் கேக்கிறேன், சொன்னாப் போதும்," என்றாள். கேட்டது மூன்றே மூன்று வார்த்தை. அதில் ஒன்று எனக்கும் தெரியவில்லை.

ஃபாரத்தோடு தலைமையாசிரியரின் சான்றிதழும் வேண்டும். அதற்குச் செம்பவாங் போக வேண்டும், திரும்பி வந்து நகரத்தில் கல்வி அலுவலகத்தில் கொடுக்க வேண்டும். "நாளைக்கு லீவு போட்டுட்டு நான்..." என்றேன்.

"வேணாம்."

"பஸ்ஸு எங்கே மாறணும்னா..."

"நான் பொறந்ததே செம்பவாங். நீங்கதான் அங்கே போனா வழி கேப்பீங்க. சாவியைக் குடுங்க."

முழுக் கொத்தையும் கொடுத்தேன். வியாழக்கிழமை நான் வேலை முடிந்து வந்தால் கதவு பூட்டியிருக்கிறது. அப்போதுதான் உறைத்தது, என்னிடம் சாவி இல்லை. மாடிப்படியில் உட்கார்ந்தேன். மணி ஐந்து, ஐந்தரை. தலைமையாசிரியர் இருந்தாரோ இல்லையோ, பஸ் கிடைத்ததோ இல்லையோ, அலுவலகத்தை அடைத்துவிட்டார்களோ, கறி எண்ணெய்க் கறையைப் பார்த்து வேண்டாம் என்று சொல்லிவிட்டார்களோ என்று ஒன்று மாற்றி ஒன்று. காத்திருப்பது எப்படி இருக்கும் என்று ஆறு வாரத்தை ஒரு மணி நேரத்தில் கற்றுக்கொண்டேன். ராஜம்மாக்கா குழாயடிக்குப் போகிறவர் என்னைப் பார்த்துக் குடத்தைக் கீழே வைத்துவிட்டார்.

"என்னடா சாம்பசிவம், வெளியே உக்காந்திருக்கே? வீட்டை அம்புஜம் பூட்டிட்டாளா?"

"ஆமாக்கா."

"அப்படிப் போடு!" என்று அவர் போட்ட சத்தத்தில் கடைக்காரர்கள் எல்லாம் வெளியே வந்து பார்த்தார்கள்.

ஆறு மணிக்குக் கனகம் வந்தாள். ஒரு கையில் வள்ளி, ஒரு கையில் செய்தித்தாளில் சுற்றிய பிசாங் கோரெங். முகமெல்லாம் வேர்வை. நான் எழுந்து நின்றேன்.

"போட்டாச்சு," என்றாள். "அந்த ஆபீஸர் எழுத்தைப் பாத்துட்டு, ரொம்ப நல்லா இருக்கேம்மா, எங்கே படிச்சீங்கன்னு கேட்டாரு." வாழைப்பழப் பலகாரத்தில் ஒன்றை எடுத்து என் கையில் கொடுத்துவிட்டுக் கதவைத் திறந்தாள். அவள் சாவி திருப்பி நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

அடுத்த புதன்கிழமை சிவப்பு விளக்கு எரிந்தது. அந்த வசனம் வந்தது. "உனக்கு எதுக்கும்மா சிரமம்?" என்றேன். ஒரு மூச்சு நிறுத்தினேன். அந்த மூச்சு இரண்டாகி மூன்றாகிவிட்டது. மிஸ் எஸ்தர் விரலைச் சுழற்றுகிறார். "நான் பாத்துக்கிறேன்," என்றபோது என் குரல் நடுங்கிப்போய்விட்டது. சுலோச்சனா வசனத்தை விட்டுவிட்டு என்னைப் பார்த்தது.

முடிந்ததும் மிஸ் எஸ்தர் உள்ளே வந்தார். "கெடுத்துட்டீங்க மிஸ்டர் முத்தையா. இன்னிக்கு உங்க சாம்பசிவம் வருத்தப்பட்டான். அவன் வருத்தப்படவே கூடாது. வருத்தப்படத் தெரிஞ்சிருந்தா இந்தக் கதையே இல்லை."

நான் தரையில் கிடந்த தாள்களைப் பொறுக்கிக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். ஃபாரம், கடிதம், சாவி எல்லாம். அவர் காதோரப் பென்சிலை எடுத்துத் திரும்பவும் செருகிக்கொண்டார்.

"நாடகத்துக்கு நல்லது இல்லை," என்றார். வாசல்வரை போய்விட்டுத் திரும்பினார். "வீட்டுக்கு நல்லது. அடுத்த வாரம் ஒழுங்காச் செய்யுங்க."

அடுத்த வாரம் ஒழுங்காகச் செய்தேன். அதற்கடுத்த வாரமும். இப்போது சாம்பசிவத்தை எனக்கு நன்றாகத் தெரிந்திருந்ததால் அவனை வீட்டுக்குக் கூட்டிப் போகாமல் ஒலிக்கூடத்திலேயே விட்டுவிட்டு வரப் பழகிக்கொண்டேன். எப்போதும் வெற்றி என்று சொல்ல மாட்டேன். சில நாள் மாடிப்படிவரை வந்துவிடுவான். கனகம் அவன் குரலை உடனே கண்டுபிடித்து, "சாம்பசிவத்தை வெளியே விட்டுட்டு வாங்க," என்பாள்.

கனகத்துக்குப் பயிற்சியில் இடம் கிடைத்தது. அறுபதுகளின் தொடக்கத்தில் டீச்சராகி, மூன்று பள்ளிகளில் வேலை பார்த்து, எனக்குப் பிறகுதான் ஓய்வு பெற்றாள். என்னிடம் எதுவும் கேட்க மாட்டாளோ என்று நான் பயந்தேனல்லவா, கேட்டாள். நாடகப் போட்டிக்குப் பிள்ளைகளைப் பழக்க வாருங்கள், மைக் எப்படிப் பிடிப்பது என்று காட்டுங்கள் என்று வருஷம் தவறாமல் கேட்டாள். அதில் எனக்கு இருந்த சந்தோஷம் அந்த ஆறு வருஷத்தில் இருந்ததில்லை.

இந்தக் கட்டுரையை நேற்று எழுதி முடித்து அவளிடம் கொடுத்தேன். ஒற்று மிகும் இடத்திலெல்லாம் ஒற்றைப் போட்டாள், மிகாத இடத்தில் நான் போட்டதை எடுத்தாள். 'நான் நல்லவன்' என்ற முதல் வரிக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு கேள்விக்குறி. அடிக்கவில்லை, கேள்விக்குறிதான். மற்றபடி எல்லாம் சரி என்று உறையில் போட்டாள். எனக்கு முழங்கால் வலி, வெளியே தூறல். தபாலில் போட்டுவிட்டு வருகிறேன் என்று குடையைத் தேடினேன். அவள் என் கையிலிருந்த உறையை மெல்ல வாங்கிக்கொண்டாள்.

"உங்களுக்கு எதுக்குங்க சிரமம்?" ஒரு மூச்சு நிறுத்தினாள். மிகச் சரியாக ஒரு மூச்சு. "நான் பாத்துக்கிறேன்."

மிஸ் எஸ்தர் இருந்திருந்தால் மூக்கைத் தொட்டிருப்பார். எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. உறையைத் திரும்ப வாங்கி, இன்னும் ஒரு பத்தி பாக்கி இருக்கிறது என்று சொல்லி உட்கார்ந்து இதை எழுதுகிறேன். அவள் செருப்பைப் போட்டுக்கொண்டு, கைப்பையைத் திறந்து வைத்துக்கொண்டு வாசலில் நிற்கிறாள். சிரிக்கிறாள், ஒன்றும் சொல்ல மாட்டேன் என்கிறாள். இந்தக் கட்டுரை உங்கள் கைக்கு வந்து சேர்ந்தால் அவள் மறக்கவில்லை, மறைக்கவும் இல்லை என்று தெரிந்துகொள்ளுங்கள்.